சாலையோரமும் ஊரார் சொல்லும்

புகார் நகரின் அமைப்பைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட சோலை நிலத்தில் நாளங்காடியை வைக்கிறார். உறைவிடம், வணிகம், பொதுவிடம் என்னும் நிலப்பாகுபாடு நம் முன்னோர் அறிந்ததே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வழியின் அகலம் குறித்துப் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடுக என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பு வழங்கியதை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைத் தருதல் வேண்டும் என்பதும் அவர்கள் வாக்கே. பாதைக்கும் ஓர் உரிமை உண்டு என்ற இக்கருத்து நாம் ஆழ்ந்து எண்ணற்குரியது.

இன்று இப்பிணக்கைத் தீர்ப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் வரையப்பெற்றதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். மறுப்பையும் கருத்தையும் எழுத்தில் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதக் கால இடைவெளி உண்டு. வரைபடத்தில் குடியிருப்பு பெரும்பாலும் மஞ்சளாகவும் வணிகம் நீலமாகவும் காட்டப்பெறும். சாலையோரம் நீலமாகிவிட்டால் நிலத்தின் விலை ஏறும். வாடகைக்கு இருப்போர் வெளியேறுவர். அந்த அறிவிப்பைப் படித்தவர் எத்துணைப் பேர்? படித்தாலும், அதன் தமிழ் வழக்கறிஞருக்கே விளங்குவதாய் இருப்பது தமிழ்த்துறையினராகிய நமக்கும் நாணம் தருவதே!

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரை இங்கு நோக்குவோம். அங்கு நடைபாதையில் பல்லாண்டுகள் கடை வைத்திருந்தோர் 2013இல் அடுக்குமாடி வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். வழிப்போக்கர் கண்ணில் படும் சரக்கே விலைபோகும். அதுவே தெருக்கடையின் உயிர். மாடியேறி வந்து ரிப்பன் வாங்குவார் யார்? பின்னர் அதே சாலையில் நடைபாதையை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. கட்டுமானத்திற்கு முன் வண்டிகளைத் தடுத்து வெள்ளோட்டம் பார்த்தனர். வண்டி நிறுத்த இடமின்றேல் வாடிக்கையாளர் வாரார் என அஞ்சிய வணிகரும், நடந்து பார்த்து மகிழ்ந்த குடும்பத்தினரும் தத்தம் கருத்தை உரைத்தனர். 2019 நவம்பரில் அந்நடைவளாகம் திறக்கப்பெற்றது. தாளில் கேட்பதைவிடத் தெருவிலேயே காட்டிக் கேட்பது சிறந்த முறை என்பதே நம் துணிபு. ஆயினும், முன்பு இடம்பெயர்ந்தவரை நினையாமல் புதிய நடைபாதையின் அழகை மட்டும் புகழ்தல் நமக்கு இயலவில்லை.

2014ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் தெருவணிகர் சட்டம் இக்குறையை ஓரளவு நீக்க முயல்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம், தேர்தல் வழி வந்த தெருவணிகர்க்கே உரியது. அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிர். எவ்விடத்தில் கடை இருக்கலாம், எவ்விடத்தில் ஆகாது என்னும் ஆய்வில், கூடை சுமந்த கையும் இனிக் கையெழுத்திடலாம். அக்குழு கூடும் நாளை அவர்களுக்கு எளிய தமிழில் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும்.