கீழ் கோத்தகிரியின் கரும்பாறைகள்: பார்க்கப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

கீழ் கோத்தகிரியின் தேயிலைச் சரிவுகளுக்கு அடியில் கிடப்பது சார்னோகைட். நீலம் கலந்த சாம்பல் நிறம். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற மினுக்கம். நீலகிரி மலைத்திணிவின் பெரும்பகுதி இந்தப் பாறைதான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இதனுள், குறிப்பாக மலையின் வடபகுதியில், கறுத்துக் கனத்த வேறொரு பாறை நீள்வட்டத் துண்டுகளாகச் செருகிக் கிடக்கிறது. குவார்ட்ஸ் இதில் அநேகமாக இல்லை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பைராக்சின் படிகங்களே நெருங்கி அமைந்திருப்பதால் இதற்குப் பைராக்சினைட் என்று பெயர். அல்ட்ராமாஃபிக் பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இத்தகைய பாறை மலைக்குள் வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. இரு நிலத்திட்டுகள் மோதும்போது இடையில் இருந்த கடலடித் தரையும் அதன் கீழுள்ள மூடகமும் பிய்ந்து, மோதல் கோட்டில் சிக்கிக்கொள்ளலாம். தமிழகத்தில் மணமேடு, தேவனூர் பகுதிப் பாறைகளை ஆய்வாளர்கள் இப்படித்தான் விளக்கியிருக்கிறார்கள். மற்றொரு வழி, எரிமலைத் தொடரின் அடியில் பாறைக்குழம்பு தேங்கி மெல்லக் குளிர்வது. முதலில் திரளும் பைராக்சின் படிகங்கள் கனத்தால் அடியில் படிகின்றன. அந்தப் படிவே பைராக்சினைட். மிஞ்சிய குழம்பு காப்ரோ என்னும் பாறையாக இறுகுகிறது. நீலகிரியின் கரும்பாறைகள் காப்ரோவோடு சேர்ந்தே காணப்படுவதாலும், அவற்றின் வேதிக்கூறு எரிமலைத் தொடர்களின் பாறைகளை ஒத்திருப்பதாலும், இரண்டாவது விளக்கமே இங்கு வலுவானது.

கதை அதோடு முடியவில்லை. பின்னர் நடந்த மோதலில் எல்லாமே ஆழத்துக்கு அமிழ்ந்தன. 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் கனிமங்கள் புதிதாகத் திரண்டன. கரும்பாறை அடுக்குகள் இழுபட்டு அறுந்து துண்டுகளாயின. பல இடங்களில் செந்நிறக் கார்னெட் முளைத்தது. கனிமங்களில் பதிந்த அழுத்தத்தை அளந்தபோது, நீலகிரியின் தென்மேற்கில் 6, 7 கிலோபார் என்றும், வடகிழக்கில் 9, 10 கிலோபார் என்றும் தெரிந்தது. பின்னது முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் அடையாளம். ஆகவே நீலகிரியிலேயே மிக ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைகளைப் பார்க்க ஊட்டியைவிடக் கீழ் கோத்தகிரிப் பக்கமே தகுந்தது. பயணிகள் இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

பாறை பார்க்கும் வேலை மேட்டுப்பாளையத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஊரை ஒட்டிய சமவெளியில், பவானி பிளவு மண்டலத்தில், குரோமைட் கனிமம் கலந்த அல்ட்ராமாஃபிக் பாறைத் தொகுதி ஒன்று உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே பிளாட்டினம் குடும்ப உலோகங்களைத் தேடியிருக்கிறது. அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அதன் பிறகு கீழ் கோத்தகிரிச் சாலையில் மலையை வெட்டிய ஓரங்களைக் கவனிக்க வேண்டும். தேயிலைச் சரிவுகளைச் செம்மண் மூடியிருப்பதால் அங்கே தேடிப் பயனில்லை. ஓடைப் படுகைகளே நல்லவை. ஒரே அளவுள்ள இரு கற்களைக் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு புரியும்: சார்னோகைட்டின் அடர்த்தி சுமார் 2.7, பைராக்சினைட்டுக்கு 3.2-க்கும் மேல். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். படிகங்களின் பிளவு முகங்கள் வெயிலில் பளிச்சிடும்.

கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டரில் உள்ள கோடநாடு காட்சிமுனையை விட்டுவிடக் கூடாது. கீழே மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு வெறும் ஆற்று அரிப்பு அன்று. நீலகிரித் திட்டின் வட எல்லையான பிளவு மண்டலத்தைப் பற்றிக்கொண்டு ஆறு வழி கண்டிருக்கிறது. தெங்குமரஹாடா வயல்களும் ரங்கசாமி சிகரமும் அங்கிருந்து தெரியும். சிகரம் இருளர்களுக்குப் புனிதமானது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சேலம் போகலாம். அங்குள்ள டூனைட், ஆலிவின் கனிமத்தால் ஆன பாறை. அதில் வெள்ளை நரம்புகளாக ஓடும் மேக்னசைட்டை நூறாண்டுக்கும் மேலாக வெட்டி எடுத்து வருகிறார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட் அடுக்குகளோடு அனார்த்தோசைட் உள்ளது. சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது இந்தப் பாறையிலிருந்துதான்.

நீலகிரிக்குள் நுழைய வெளிமாவட்ட வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. கிளம்புமுன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓடைகளில் நீர் குறைந்து பாறை நன்றாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் வெட்டுச் சரிவுகளின் கீழ் நிற்பது ஆபத்து. 2009 நவம்பர் நிலச்சரிவுகள் இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. காட்டெருமையும் கரடியும் நடமாடும் பகுதி என்பதால் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். தோட்டத்துக்குள் கால் வைக்க உரிமையாளரிடமும், காட்டுக்குள் வனத்துறையிடமும் அனுமதி கட்டாயம். சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஓடையில் கிடக்கும் கல்லையே கையில் எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள்.