பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணி

கொட்டகைக்குப் புது மரம் கட்டுப்படியாகாத மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகள், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் விற்கும் பழைய மரத்தை வாங்குவதுண்டு. காசிமேட்டில் உடைத்த படகுப் பலகை, துறைமுகப் பெட்டிச் சட்டம், ரயில்வே கழித்த கட்டை எல்லாமே உழைக்கும். ஆனால் இரும்பில்லாமல் எதுவும் வருவதில்லை.

அறுக்குமுன் மரத்தைக் கழுவிக் காயவைத்துப் பார்க்க வேண்டும். தலை ஒடிந்த ஆணியைச் சுற்றி மரம் துருவேறிக் கருநீலமாகக் கறுத்திருக்கும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் நகர்த்தினால் ஆணியுள்ள இடத்தில் இழுக்கும். ஆழத்தில் இருப்பதை அது காட்டாது. படகுப் பலகைக்கோ காந்தம் மட்டும் போதவே போதாது. உப்புத் தண்ணீருக்காகச் செம்பு ஆணி அடித்திருக்கலாம்; செம்பையும் பித்தளையையும் காந்தம் இழுக்காது. படகுத் தச்சர்கள் அளவு பிடித்து அடிப்பவர்கள். எனவே ஓர் ஆணி தென்பட்டால் அதே வரிசையில், அதே இடைவெளியில் அடுத்ததைத் தேடலாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. நெடுங்காலம் மரக்கட்டைகளே தண்டவாளத்தைத் தாங்கின. அவற்றில் ஒடிந்த ஆணியோடு ஜல்லியும் அடியில் பதிந்திருக்கும். கிரியோசோட் எண்ணெய் ஊறிய கட்டையைத் தீவனத் தொட்டிக்கோ அடுப்புக்கோ பயன்படுத்தக் கூடாது.

வட்ட ரம்பத்தில் ஆணி மாட்டினால் பல் தெறிக்கும், கட்டையும் எகிறும். கண்ணாடி அணிய வேண்டும். மில்லுக்குக் கொண்டுபோனால் பழைய மரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சந்தேகமான கட்டையை அறுக்காமல் தூணாக நட்டுவிடலாம். ஆணி குத்தினால், சின்னக் காயம்தானே என்று இராமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரணஜன்னித் தடுப்பூசி பற்றி அன்றே கேட்க வேண்டும்.

பிடுங்கிய ஆணிகளைத் தரையில் போடவே கூடாது; டப்பாவில் சேர்க்க வேண்டும். வேலையை வைக்கோல் போருக்கு எட்டத்தில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் மண்ணைக் காந்தத்தால் துழாவ வேண்டும். மாடு தீவனத்தை மென்று பார்த்து விழுங்குவதில்லை. உள்ளே போன ஆணி இரண்டாம் வயிற்றில் தங்கும். அதற்கு முன்னால்தான் இதயம் இருக்கிறது. முதுகைக் கூனி நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, பால் திடீரெனக் குறைவது ஆகியவை அறிகுறிகள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் காந்தத்தை விழுங்கவைத்தோ, வயிற்றைத் திறந்தோ காப்பாற்ற வழியுண்டு. ஆணி இதயத்தைத் தொட்டபின் மாடு பிழைப்பது அரிது.