ஏடும் இணையமும்

வடசென்னையில் வியாசர்பாடியை ஒட்டியுள்ள எம்.கே.பி. நகரின் முழுப்பெயர் மகாகவி பாரதி நகர். பாரதியார் கவிஞர் மட்டுமல்லர், இதழாளரும் ஆவார். 1906இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘இந்தியா’ வார இதழில், கட்டுரைகளாலும் கருத்துப்படங்களாலும் அயலாட்சியைச் சாடினார். 1908இல் அடக்குமுறை பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவுபெற்றிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை விதிக்கப்பட்டது. 1910இல் இதழ் நின்றது.

அன்று கருத்தை வெளியிட அச்சகமும் முதலும் வேண்டும். இன்று கைப்பேசியே போதும். விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்ற மகிழ்ச்சியைப் பகிரும் இணையத்திலேயே ஊரின் குறைகளும் ஒலிக்கின்றன. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017 சனவரியில் இணையத்தில் வெளியானது. எண்ணூர்க் கழிமுகத்தின் சீர்கேட்டை அது பலரும் அறியச் செய்தது. ஊர்ப் பொதுநிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ என்னும் சொல், வசைச்சொல்லாகத் தாழ்ந்ததையும் எண்ணிப்பார்க்கத் தூண்டியது.

இணையக் கருத்துரிமையும் எளிதில் நிலைபெறவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் பதிவுகளுக்கும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிவகுத்தது. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

மாணவர்களே! எழுத்துக்காகப் பாரதியார் ஊரையே துறந்தார். நாம் செய்யவேண்டுவது, ஒரு செய்தியைப் பகிருமுன் அதன் உண்மையை ஆராய்வதேயாகும்.