விழிக்க மறுத்த கணினி

நோயுற்றவனுக்கு மருந்து கொடுக்குமுன் நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அதனைத் தணிக்கும் வழி இன்னது என முறையே ஆராய்தல் வேண்டுமென்பது வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்திற் காட்டிய நெறி. அந்நெறி கணினிக்கும் பொருந்துமென்பதை, ஸ்பிரிங்வெளிப் பகுதியில் யான் தமிழ் கற்பிக்கும் பாடசாலையிற் பெற்ற அநுபவத்தால் அறிந்தேன்.

எம் மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டெழுதிய தாலாட்டுகளையும் கொழுந்து மலைப் பாடல்களையும் தட்டச்சுச் செய்து ஒரு கணினியிற் சேர்த்து வைத்திருந்தனர். அது உபுண்டு என்னும் லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்குவது. ஒருநாள் புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்பட்டது. மீண்டும் இயக்கியபோது கருந்திரையில் ‘கேர்னல் பானிக்’ என்னும் சொற்கள் தோன்ற, கணினி அசைவற்று நின்றது. பார்த்தவர் ஒருவர், “யாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே வழி” என்றார். பாடல்களைச் சொன்ன மூதாட்டியருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். வேறு பிரதியும் எம்மிடம் இல்லை. ஆதலின் அழித்தற்கு யான் உடன்படவில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட வண்டி பதுளைக்கு வந்து சேரவில்லையெனின், அது எந்நிலையம்வரை வந்தது என்றே முதலில் வினவுவோம். கணினி எழுவதும் அத்தகைய பயணமே. முதலில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும். அதுவும் தோன்றாவிடின் மின்வழங்கலையோ உறுப்புகளையோ சோதித்தல் வேண்டும். அடுத்து ‘கிரப்’ என்னும் தொடக்க நிரல், எதனை இயக்குவது எனத் தேர்ந்து கேர்னலை அழைக்கும். கேர்னல் வன்தட்டைத் திறந்து ஏனைய பணிகளைத் தொடங்கும். இறுதியில் நுழைவுத் திரை வரும். வண்டி நின்ற இடமே பழுதின் இடத்தைச் சுட்டும்.

கேர்னல் என்பது முறைமையின் கரு. லினக்சின் கருவை 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். வன்தட்டைத் திறத்தற்கு வேண்டிய துணைநிரல்கள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்பில் உள. மின்தடையால் எம் கணினியில் அக்கோப்பு முற்றுப்பெறவில்லை. புதிய கரு தன் வன்தட்டைக் காணாது திகைத்தது. எனினும், உபுண்டு புதிய கருவை நிறுவும்போது முந்தைய கருவையும் விட்டுவைக்கும். மாணவரின் கோப்புகளோ புதுப்பித்தல் தொடாத வேறிடத்தில் இருந்தன.

இதனையறிந்தபின் செய்தது எளிது. கணினியை இயக்கியவுடன் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திப் பிடித்தோம். புதிய கணினிகளாயின் ‘எஸ்கேப்’ விசையைத் தட்டுதல் வேண்டும். தோன்றிய பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் தெரிந்து, பழைய எண்ணுடைய கேர்னலைத் தேர்ந்தோம். கணினி விழித்தது! பழுது நீக்குமுன் பாடல்களைப் பென் டிரைவிற் பிரதி செய்தோம். பின்னரே அரைகுறையாய் நின்ற நிறுவலை ‘டிபிகேஜி’ கட்டளையால் முடித்து, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மீள உருவாக்கி, கிரப் பட்டியலையும் புதுப்பித்தோம்.

பழைய கருவும் எழாதாயின், லினக்ஸ் பதித்த பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிக் கோப்புகளை மீட்கலாம். தொடக்கக் கோப்புகளுக்குரிய ‘பூட்’ பகுதி நிரம்பியிருப்பினும் புதுப்பித்தல் பாதியில் நிற்கும். வேண்டாத பழைய கருக்களை நீக்குதல் அதற்கு மருந்து. காரணம் வெளியிலிருந்தும் வரலாம். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பொன்று பாதுகாப்பின் பொருட்டுப் பழைய தொடக்க நிரல்களைத் தடுத்தமையால், இரு முறைமைகளும் உள்ள கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. அங்கே கருவை மாற்றுதலாற் பயனில்லை; நோய் கருவைச் சார்ந்ததன்று.

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். ஆதலின் மின்சேமிப்புக் கருவியின்றிப் புதுப்பித்தலைத் தொடங்கலாகாது, பிரதியெடுக்காமலும் தொடங்கலாகாது. தோட்டப் பாடசாலைகளுக்குக் கணினி வழங்க முன்வரும் பழைய மாணவ அன்பர்கள், அதனோடு ஒரு பென் டிரைவையும் வழங்கி, அதனைப் பயன்படுத்தும் முறையையும் பிள்ளைகளுக்குக் காட்டிச் செல்வார்களாக.