குளியலறையும் எர்த்தும்

சங்கரன்கோவில் என்றவுடன் கோயிற் புற்றுமண்ணை நினைப்பவர் பலர். அம்மண் ஆற்றும் பிறிதொரு பணியை ஈண்டு ஆராய்வாம்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியபின், நெல்லைச் சீமையில் மின்விளக்கு ஏற்றிய வீடுகள் பல. எர்த்துக்கெனத் தனிக் குழி தோண்டாது, மண்ணுட் புதைந்த இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் பழைய வீடுகளில் உண்டு. இன்று குளியலறையைப் புதுப்பிப்போர் துருவேறிய இரும்பைக் களைந்து பிளாஸ்டிக் குழாய் பதிக்கின்றனர், கீசரும் மாட்டுகின்றனர். டைல்ஸின் நிறத்தைப்பற்றி மூன்று நாள் ஆலோசிப்பவர் எர்த்தைப்பற்றி மூன்று நிமிடமும் எண்ணுவதில்லை. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாதாகலின், குழாய் மாறிய அன்றே வீட்டின் எர்த் அறுந்தது. விளக்கு எரியும், வெந்நீரும் வரும், குறை யார் கண்ணுக்கும் புலனாகாது.

கீசரின் உட்கம்பி பழுதுற்று வெளிக்கூட்டைத் தொடுமாயின், ஆங்கு 230 வோல்ட் நிற்கும். நனைந்த உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொண்டால், ஈரத்தரையில் நின்று அதனைத் தொடுவார் மேனியிற் பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயம் நிலைகுலைய அதிற் சிறுபகுதியே போதும். பியூஸ் இதனை அறியாது.

எர்த் குழி மட்டும் அமையுமோ எனின், அமையாது. வேனிலில் மண் காய்ந்து குழியின் தடை 20 ஓம் ஆயிற்றென்க. அப்பொழுது ஓடுவது பதினொன்றரை ஆம்பியரே. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. ஆகவே, குழிக்கு நீர் வார்த்தலோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

பலரும் மறப்பது பிணைப்பு. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் ஓடுமாறுபோல, மின்சாரம் பாய்வதற்கும் அழுத்த வேறுபாடு வேண்டும். கீசரின் கூட்டையும், மண்ணிலிருந்து ஏறிவரும் இரும்புக் குழாய் எஞ்சியிருப்பின் அதனையும், செம்புக் கம்பியாற் பிணைத்துவிடின் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு கை கீசரிலும் மறு கை குழாயிலும் பட்டாலும் இடையே பாய்வது அற்பமே. எர்த் மின்சாரத்தை நிலத்தில் இறக்குவது. பிணைப்போ வேறுபாட்டையே ஒழிப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் வயர்மேன்களும் உளர்.

இவையெல்லாம் டைல்ஸ் ஒட்டுமுன் முடிதல் வேண்டும். எர்த்தின் தடையை மீட்டர் கொண்டு அளந்து காட்டுமாறு வயர்மேனைக் கேட்டல் நன்று. பின்னர்க் கம்பி இழுக்கப் புகின், புதுச் சுவரையே உடைக்க நேரும்.