மயக்க மருந்து நர்ஸ் படிப்பு: சேரும் முன்

அமெரிக்காவில் ஐசியூ நர்ஸாக இருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கல்லூரிக்குச் சிஓஏ (இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் தேசியத் தேர்வே எழுத முடியாது. 2022 முதல் புதிதாகச் சேர்வோருக்கு முனைவர் பட்டப் படிப்புதான். குறைந்தது 36 மாதம்.

முதல் முயற்சியில் தேறியவர்கள், பாதியில் நின்றவர்கள் என்று இரண்டு சதவீதங்களைக் கல்லூரிகள் வெளியிடுகின்றன. சேர்த்தே படியுங்கள். தேர்ச்சி நூறு, ஆனால் பத்தில் இருவர் பாதியில் போய்விட்டார்கள் என்றால், அந்த நூறை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

எபிடியூரல் ஊசியை மாணவரே போடுகிறாரா, பக்கத்தில் நின்று பார்க்கிறாரா? இப்போது படிப்பவரிடம் கேளுங்கள், இதுதான் முக்கியம். பயிற்சி மருத்துவமனை எத்தனை மைல்? சீக்கிரமே அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கும்: முதல் நோயாளி வருமுன் மயக்க மருந்து மெஷினைச் சரிபார்த்து, மருந்தை ஊசியில் ஏற்றி, லேபிள் ஒட்டியாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது பெரும்பாலும் நடக்காது. மூன்று வருட வீட்டுச் செலவையும் கணக்கில் வையுங்கள்.