பாம்பு போன பிறகும் ஓடும் உடம்பு



செங்கடல் கரையில் இருக்கும் யான்புவைப் பற்றி நம்மவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்கைக்கிலிருந்து சுமார் 1,200 கி.மீ. குழாய்வழி வரும் கச்சா எண்ணெய் இங்கேதான் கப்பலேறுகிறது. 2022 மார்ச் 20 அன்று இங்குள்ள யாஸ்ரெஃப் சுத்திகரிப்பு ஆலை ட்ரோன் தாக்குதலுக்கு உள்ளாகி, உற்பத்தி தற்காலிகமாகக் குறைந்தது. அப்படி ஒரு சத்தம் கேட்ட நொடியில் உடம்பு என்ன செய்கிறது?

நாம் யோசிப்பதற்கு முன்பே மூளை அபாயமணி அடித்துவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது. கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிட, வயிற்றுக்குப் போக வேண்டிய இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. காயம் பட்டால் சீக்கிரம் அடைபட வேண்டுமே என்று இரத்தம் உறையவும் தயாராகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விளக்கினார்: எதிர்த்து நில், அல்லது ஓடு. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்னும் இன்னொரு சுரப்பும் துணைக்கு வருகிறது. அபாயம் நீங்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதில் கெடுதல் எதுவும் இல்லை. வரப்பில் பாம்பைக் கண்டு துள்ளிய நம் பாட்டனைக் காப்பாற்றியது இதுதான்.

ஆனால் ஊரில் வாங்கிய வட்டிக் கடன் பாம்பு அல்லவே! இகாமா புதுப்பிப்பு, ஷட்டவுன் காலத்துப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக நள்ளிரவில் வரும் தொலைபேசி - இவற்றிடமிருந்து ஓடவும் முடியாது, இவற்றை அடிக்கவும் முடியாது. உடம்புக்கோ வேறு பாடம் தெரியாது. அதே மணியைத்தான் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறது. தசை செலவழிக்காத சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, பிரஷர் ஏறுகிறது. கார்ட்டிசால் இயல்பாகக் காலையில் உச்சத்திலும் நள்ளிரவையொட்டி மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். இரவு ஷிப்ட் அந்தக் கணக்கையும் குழப்பிவிடுகிறது.

புண் ஆறுவதுகூடத் தாமதமாகும். மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்து வந்த பெண்களின் தோலில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, அமெரிக்காவின் ஓஹையோவில் ஆராய்ந்தார்கள். 1995-ல் வெளியான அதன் முடிவின்படி, மற்றவர்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. வயதான பெற்றோரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஊர்ச் சகோதரிகளை இங்கே நினைத்துக்கொள்வோம்.

இதயத்தின் கதை இன்னும் கவலைக்குரியது. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளிவந்தது. வேலையிடத்தில் ஓயாத மன அழுத்தம் இருந்ததாகச் சொன்னவர்களிடம் மாரடைப்பு ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி. நாம் ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம்.

மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் இதயத்துடிப்பு தணியும். ஷிப்ட் முடிந்து அரைமணி நடந்தால் தேங்கிய சர்க்கரை செலவாகும். கடன் இதனால் அடையாது என்பது நமக்கும் தெரியும்! நாற்பதைத் தாண்டியவர்கள் பிரஷரையும் சர்க்கரையையும் விடுமுறைக்கு ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை என்றால் "வாய்வுதான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். பெண்களுக்கு மூச்சிரைப்பும் அசதியும் மட்டுமே அறிகுறியாக வருவதுண்டு. தாமே காரை ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். ஆம்புலன்ஸுக்குச் சவூதியில் 997, அமீரகத்தில் 998. அறையில் உடன் தங்கியிருப்பவர்களுக்கும் இந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.